பொன்மலை அயர்லாந்துக்காரன்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்ப வெளியில விடாதீங்க, இந்தத் தெரு நாய்க்கு ஒத்தைச் செருப்புதான் பிடிக்கும். அந்த ஊதுபத்திக் கட்டைத் தள்ளி வச்சுட்டு உட்காருங்க. தும்மல் வந்தா தும்மிடுங்க, அடக்க வேணாம். என் குரல் கரகரன்னு இருக்கேன்னு பாக்குறீங்களா? அது இந்த ஊதுபத்திப் பொடி. வேற ஒண்ணுமில்ல.

பொன்மலை மாதா கோயில் பாட்டுக் குழுவா நீங்க? டெஸ்மண்ட் கியோவுக்கு நினைவு மலர் போடுறீங்களா? போடுங்க. ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல செத்துப்போனான்னு எனக்கும் சேதி வந்தது. நல்லா இருக்கட்டும். செத்தவன நல்லா இருக்கட்டும்னு சொல்லலாமோ கூடாதோ, எனக்கு அதுக்குமேல வரல.

அங்க அவனுக்கு என்ன பேருன்னு சொன்னீங்க? அயர்லாந்து டெனரா? டெனர்னா ஒசந்த குரல்ல பாடுற ஆம்பளை, அதானே? ம். அதுல பாதி சரி. ஆனா அயர்லாந்து! தம்பி, அவன் பொறந்தது பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியில. கொள்ளுத்தாத்தா யாரோ தண்டவாளம் போட வந்த அயர்லாந்துக்காரராம். செம்பட்டை முடியையும் மூக்குமேல நாலு புள்ளியையும் குடுத்துட்டுப் போய்ச் சேந்துட்டாரு. இவன் அந்த நாட்டைப் படத்துலகூடப் பாத்ததில்ல. என் வீட்டு அடுப்படியில சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய சோத்துக்கு மோர்மிளகாயைக் கடிச்சுக்கிட்டு, "அக்கா, இன்னும் ஒண்ணு இருக்கா?"ன்னு கேட்டவன். அயர்லாந்துல மோர்மிளகாய் காயப்போடுறாங்களான்னு விசாரிச்சு அதையும் மலர்ல போடுங்க.

அவனைக் கண்டுபிடிச்சதே நான். மாஸ்டர் மாசிலாமணி தன்னாலன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. பொய். நவரச கீதாலயான்னு எங்க இன்னிசைக் குழு. திருச்சி ஜில்லாவுல எங்களக் கூப்பிடாத கோயில் திருவிழா கிடையாது. மாஸ்டர் அக்கார்டியன் வாசிப்பாரு. பொம்பளைக் குரல் நான். தனபாக்கியம்னு நோட்டீசுல பேரு போட்டா, எங்கெங்கயோ இருந்து மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வருவாங்க. நீங்க நம்பணும்னு அவசியமில்ல, எழுதினாப் போதும்.

ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல ஒரு கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டிருந்தாங்க. நாங்க மூச்சு வாங்குற இடைவேளையில சட்டைக்காரப் பையன், அதான் ஆங்கிலோ இந்தியன், ஒருத்தன் மேடையேறி இங்கிலீஷ்ல ஒரு பாட்டு பாடினான். ஒர்க்‌ஷாப்ல பாய்லர் பக்கம் வேலையாம். அந்தச் சுத்தியல் சத்தத்துக்கு மேல பாடிப் பாடித்தான் அப்படி ஒசந்ததோ என்னமோ. மாஸ்டர் போண்டாவுல கவனமா இருந்தாரு. நான்தான் கூப்பிட்டு, "தமிழ்ல ஏதாவது வருமா?"ன்னு கேட்டேன்.

"வரும்க்கா. நீங்க இப்பப் பாடினதே வரும்"னு சொல்லி, நான் பாடின பாட்டை என் சுருதியிலயே பாடினான். தம்பி, ஆம்பளைங்க ஒண்ணு, ஒண்ணரைக் கட்டையில நிப்பாங்க. நான் அஞ்சு கட்டை. அதுல வந்து அவன் ஏதோ சொந்த வீட்டு முற்றத்துல நடக்குற மாதிரி நடக்கிறான். மாஸ்டர் போண்டாவைக் கீழ வச்சாரு.

வெள்ளைக்காரப் பாடகர்னு நோட்டீசு அடிச்சாரு மாஸ்டர். அந்த வருசம் துறையூர் பக்கம் ஒரு ஊர்ல, கதர் போட்ட தியாகி ஒருத்தர் கைத்தடியோட எழுந்து நின்னுட்டாரு. "இவனை விரட்டத்தானய்யா ஜெயிலுக்குப் போனேன்! இவன் பாட்டை நான் உட்கார்ந்து கேக்கணுமா?" மாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டுது. டெஸ்மண்ட் மைக்ல சொல்றான்: "ஐயா, நாங்க அயர்லாந்துக்காரங்க. எங்களையும் அந்த இங்கிலீஷ்காரன்தான் அடிச்சான்." கிழவர் மேடையேறி அவனைக் கட்டிப் பிடிச்சு அழுதாரு. மறுநாளே நோட்டீசுல அயர்லாந்து வந்துடுச்சு. உங்க அயர்லாந்து டெனர் பொறந்த இடம் துறையூர் தம்பி. பெர்த் இல்ல.

பாட்டுல ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேப்பான். நான் சொல்லுவேன். மாரியம்மன் பாட்டைப் பாடினான்னா வேப்பிலைக்காரிங்களுக்கு அருள் வந்து, இவன் கால்ல தண்ணி ஊத்துவாங்க. "அக்கா, ஷூ நனையுது"ன்னு என்கிட்ட முணுமுணுப்பான். சிரிப்பை அடக்கிக்கிட்டு அடுத்த அடி பாடுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

சரி. இதெல்லாம் நல்ல காலம். அந்தப் பங்குனி சீசனுக்கு வர்றேன்.

அந்தத் தை மாசத்துல எனக்குத் தொண்டைக் கட்டு. லேசாத்தான். மேல போகும்போது ரெண்டு மூணு இடத்துல பிசிறு அடிச்சது. பாடுறவங்களுக்கு வர்றதுதான். டெஸ்மண்ட்தான் பிடிவாதமா ஸ்கூட்டர்ல உட்கார வச்சு, புத்தூர்ல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். அந்த ஆளு கண்ணாடியை விட்டுப் பாத்துட்டு, குரல் நரம்புல காய் மாதிரி ஒண்ணு வளந்திருக்கு, ஆறு மாசம் பாடக்கூடாது, பேசவே கூடாதுங்குறான். பேசக்கூடாதாம். நான்! சளிக்கும் காய்க்கும் வித்தியாசம் தெரியாதவன் எல்லாம் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கான்.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில ரெண்டு தடவை குரல் உடைஞ்சா, மூணாவது கச்சேரிக்கு வேன் உங்க வீட்டு வாசல்ல நிக்காது. சொல்லிக்கவும் மாட்டாரு, திட்டவும் மாட்டாரு. வேன் நேராப் போயிடும். எனக்கு முன்னாடி பாடின கோமளவல்லி, பட்டுப்புடவை கட்டி, பூ வச்சு, வாசப்படியில நின்னுக்கிட்டே இருந்தா. வேன் அவ முன்னாலயே போச்சு. உள்ள நான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லையே நான்! என்னத்துக்குத் திரும்பணும்? தொழில்.

கரூர்ல ஒரு சின்னப் பொண்ணு நல்லாப் பாடுதுன்னு மாஸ்டர் காதுக்கு வேற சேதி வந்திருந்தது. வீட்டுக்காரரு எப்பவோ எவளோடயோ போயிட்டாரு. எனக்கு ஒரு பொண்ணு, பள்ளிக்கூடம் போறவ. அந்த வேன் என் வாசல்ல நிக்கணும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணுதான். "டாக்டர் சொன்னத மாஸ்டர்கிட்ட மூச்சு விட்ட, உன்னைக் கொன்னுடுவேன்"னேன். டெஸ்மண்ட் தலைய ஆட்டினான். சொல்லல. அந்த விசயத்துல அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

அப்புறம் வந்து சொல்றான், "அக்கா, டூயட்ல நீங்க பாடுற அடியை நானும் பின்னால நின்னு சேத்துப் பாடுறேன். பலமா இருக்கும்."

"எனக்கு எதுக்குடா பலம்?"

"எனக்குப் பழக்கம் வரட்டும்க்கா."

சரி, கத்துக்கட்டும்னு விட்டேன். பெரிய மனசு பண்ணி விட்டேன். அதான் நான் செஞ்ச தப்பு. பாம்புக்குப் பால் ஊத்தினது.

அந்த சீசன் முழுக்க, டூயட்ல என் அடி வரும்போதெல்லாம் அவன் என் வலது தோளுக்குப் பின்னால, டிரம்ஸ்காரர் பக்கம் திரும்பி, இருட்டுல நிப்பான். கையில ஒரு மைக், வாய்க்கு முன்னால கைக்குட்டை. கேட்டா இருமல்ம்பான். எனக்கு வேற அந்த வருசம் மைக் ராசியே இல்ல. நான் பாடுறது எனக்கே கேக்காது. மைக்செட் நூர்தீன் பாயைத் திட்டாத நாள் இல்ல. "பாய், என் மைக்க ஏத்துங்க!"ன்னு சைகை காட்டுவேன். அவரும் திருகுற மாதிரி கையை ஆட்டுவாரு.

ஆனா ஒண்ணு எழுதிக்குங்க தம்பி. மைக் அப்படி இருந்தும் அந்த வருசம் நான் பாடினதுபோல என் ஆயுசுல பாடினதில்ல. நான் சொல்லல, ஊர் சொல்லிச்சு. லால்குடியில ஒரு பாத்திரக்கடைக்காரர் மேடைக்கு வந்து, "அம்மா, போன வருசத்துக்கு இந்த வருசம் உங்க குரல் பத்து வயசு குறைஞ்சிருக்கு"ன்னு மாலை போட்டாரு. நான் திரும்பி டெஸ்மண்டைப் பாத்தேன். கேட்டுக்கோடான்னு. அவன் முகம் எல்லாம் சிரிப்பு. தனக்கே மாலை விழுந்த மாதிரி சிரிச்சான். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும், அவன் கண்ணு என் இடத்துமேலதான்னு.

நூர்தீன் பாயா? உங்ககிட்டயும் சொல்லிட்டாரா? எல்லார்கிட்டயும் சொல்றாரு போல. என்கிட்டயும் வந்து சொன்னாரு, ரொம்ப வருசம் கழிச்சு. "தனம்மா, அல்லா மேல ஆணையா, அந்த சீசன் பூரா டூயட்டுக்கு உங்க மைக்க நான் ஏத்தவே இல்ல. அந்தப் புள்ள என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிச்சு. கூட்டம் கேட்டது அது குரல்"னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாய், டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க"ன்னேன். முப்பது வருசம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துல நின்னவர் காது. பாவம். அவரு சொல்றதெல்லாம் மலர்ல போடாதீங்க.

அந்த ஊர் பேரு வேணாம். கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில ஒரு ஊரு. அங்க அம்மன் திருவிழாவுல ஒரு வழக்கம். எல்லாத் தெருவுலயும் மேளம், வேட்டோட வர்ற அம்மன், ஒரே ஒரு தெருவுல மட்டும் சத்தமில்லாம வருவா. அது அவ பொறந்த வீட்டுத் தெருவாம். புருசன் வீட்டுல சண்டை போட்டுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு வர்ற பொண்ணு மேளம் அடிச்சுக்கிட்டா வருவா? கண்ணைத் துடைச்சுக்கிட்டு, யாருக்கும் தெரியாமத்தானே வருவா. அதனால சப்பரம் அந்தத் தெருவுல திரும்பினா மேளக்காரர் கோலைக் கீழ போட்டுடுவாரு. கைக்குழந்தை அழுதாக்கூட வாயைப் பொத்துவாங்க. எங்க மேடை அந்தத் தெரு முக்குலதான்.

விளக்கு வைக்கிற நேரம். கச்சேரிக்கு முன்னால நாட்டாமை வந்து எங்களை நிக்க வச்சுச் சொன்னாரு: "சப்பரம் முக்குல தெரிஞ்சதும் எழுந்து கும்பிட்டு நின்னுடணும். தம்புடி சத்தம் வரக்கூடாது. பாதி அடியில இருந்தாலும் நிறுத்திடணும்." எல்லாரும் தலையாட்டினோம். டெஸ்மண்ட் அப்ப அங்க இல்ல. எனக்குச் சுடுதண்ணி வாங்க ஃபிளாஸ்க்க எடுத்துக்கிட்டு டீக்கடைக்குப் போயிருந்தான். நான் சொல்லியிருக்கலாமேன்னு பாக்குறீங்களா? மாஸ்டர் சொல்லுவாருன்னு நான் நினைச்சேன். மாஸ்டர், நான் சொல்லுவேன்னு நினைச்சாராம். ஊரே எழுந்து நிக்கும்போது ஒருத்தனுக்குக் கண்ணு இல்லையா?

அன்னிக்கு மூணாவது பாட்டு டூயட். ஆரம்பமே தொகையறா. தாளம் கிடையாது, வாத்தியம் கிடையாது, பொம்பளைக் குரல் மட்டும் தனியா மேல போகணும். நான் ஆரம்பிச்சேன். ரெண்டாவது அடி பாடிக்கிட்டிருக்கும்போது சப்பரம் முக்குல திரும்பிடுச்சு. நான் டக்குனு வாயை மூடி, கையைக் கூப்பினேன். ஊரே எழுந்து நிக்குது. ஊசி விழுந்தா கேக்கும்.

என் குரல் நிக்கல.

நான் வாயை மூடியிருக்கேன் தம்பி. கையைக் கூப்பிக்கிட்டு நிக்கிறேன். ஸ்பீக்கர்ல என் குரல் பாடுது. தொகையறா மேல மேல போகுது. எங்க எனக்குப் பிசிறு அடிக்குமோ, அந்த இடத்துல வழுக்கிக்கிட்டுப் போகுது, எண்ணெய் தேச்ச மாதிரி. சப்பரம் தூக்குறவங்க நின்னுட்டாங்க. முன்வரிசையில ஒரு பொம்பளை என் மூடின வாயைப் பாத்துட்டு, "ஆத்தா, பொறந்த வீட்டுல வாயைத் திறந்துட்டியா!"ன்னு விழுந்து கும்பிட்டா. வரிசை வரிசையா விழுந்து கும்பிடுறாங்க. யாரை? என்னையா, அம்மனையா, அந்தக் குரலையா?

அப்பத்தான் மரத்துமேல இருந்த ஒரு பய கத்தினான்: "டேய், பின்னால பாருங்கடா! அந்த வெள்ளைக்காரன் பாடுறான்டா!"

டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கிட்டு, டிரம்ஸ் பக்கம் திரும்பி நின்னு பாடிக்கிட்டிருந்தான். டிரம்ஸ்காரர் குச்சியால அவன் முழங்கால்ல தட்டினாரு. கண்ணைத் திறந்தான். ஊரைப் பாத்தான். அம்மனைப் பாத்தான். என்னைப் பாத்தான். வெளுத்த முகம் இன்னும் வெளுத்துப்போச்சு.

வழக்கத்தைக் கெடுத்துட்டான்னு அடிப்பாங்கன்னு நினைச்சேன். அடிச்சிருந்தா எனக்கு இவ்வளவு வயித்தெரிச்சல் இருந்திருக்காது. பூசாரி யோசிச்சாரு, யோசிச்சாரு, அம்மன் கழுத்துல இருந்த மாலையைக் கழட்டி அவன் கழுத்துல போட்டாரு. விசில் பறக்குது. "அந்தப் பொம்பளைக் குரலை இன்னொரு வாட்டி!" "ரெண்டு குரலும் நீயே பாடு!" அவன் மாட்டேன்னான். கையெடுத்துக் கும்பிட்டு மாட்டேன்னான். மாஸ்டர் அவன் முதுகுல கைய வச்சுத் தள்ளினாரு. பாடினான். இடது பக்கம் திரும்பினா ஆம்பளை, வலது பக்கம் திரும்பினா பொம்பளை. நான் நடுவுல, கூப்பின கையை இறக்க மறந்துபோய் நிக்கிறேன்.

வேன்ல ஏறினதும் அறைஞ்சேன். பளார்னு. "அக்கா, ஒரே ஒரு வார்த்தை"ன்னான். இன்னொண்ணு விட்டேன்.

ஒரே தொண்டையில் இரண்டு குரல், அயர்லாந்து அதிசயம்! மஞ்சள் நோட்டீசு, சிவப்பு எழுத்து. மதுரை, சேலம், கோயம்புத்தூருன்னு கூப்பிட்டாங்க. ரேடியோவுல பாடினான். கேசட்டு வந்தது. பொம்பளைக்கு வேலையே இல்லாமப் போச்சு. ஆனா வேன் மட்டும் என் வாசல்ல நின்னது. ஏன்னா, தனாக்கா மேடையில இல்லைன்னா நான் பாட மாட்டேன்னு அவன் மாஸ்டர்கிட்ட சொல்லிட்டானாம். பாத்தீங்களா திமிரை? பட்டுப்புடவை கட்டி, பூ வச்சு, மேடையில ஒரு நாற்காலியில உட்கார்ந்திருப்பேன். பொம்மை மாதிரி. பொம்பளைக் குரல் வரும்போதெல்லாம் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டுட்டுப் பாடுவான். ஜனம் கை தட்டும். என் குரலைப் பறிச்சுக்கிட்டு, என்னையே உட்கார வச்சுப் பாக்க வைக்கிறான். இதைவிட ஒருத்திய அவமானப்படுத்த முடியுமா? நீங்களே சொல்லுங்க.

ரெண்டு சீசன் அப்படி உட்கார்ந்தேன்.

அப்பத்தான் ஒரு மத்தியானம் அவன் அம்மா வந்தாங்க. கவுன், குடை, கையில ஒரு கேக்கு டப்பா. இன்ஜின் டிரைவர் கியோவோட விதவை. எங்க தெருப் பிள்ளைங்க பின்னாலயே வந்துடுச்சுங்க. அந்தம்மா தமிழ் இருக்கே, மேன் போடாம ஒரு வாக்கியம் முடியாது. "தனா, பொண்ணு பெர்த் போயாச்சு மேன். என் பேப்பரும் வந்தாச்சு, அவன் பேப்பரும் வந்தாச்சு. அவன் வர மாட்டேங்குறான். நான் எப்படித் தனியாப் போறது? நீ சொல்லு மேன், நீ சொன்னாக் கேப்பான்."

"நான் எதுக்குங்க சொல்லணும்? நானா பிடிச்சு வச்சிருக்கேன்?"

"யூ ஒன்லி. அக்கா சேர் காலியாயிடும் மம்மின்னு சொல்றான். என்ன சேரு மேன் அது? எந்த சேரு?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பேரும் புகழும் விட மனசில்லாம, பெத்த தாய்கிட்ட என்மேல பழியப் போட்டிருக்கான். "உங்க பையனுக்குக் கைதட்டு ருசிச்சுப்போச்சு அம்மா. என் பேரைச் சொல்லி ஏமாத்துறான்"னேன். அந்தம்மா குடையை எடுத்துக்கிட்டாங்க. கேக்கை வச்சுட்டுப் போயிட்டாங்க. முந்திரி கேக்கு. நல்லாத்தான் இருந்தது.

அன்னிக்கு முடிவு பண்ணினேன். என் இடத்தை நானே எடுத்துக்கணும். ரெண்டு வருசம் பாடாம இருந்ததுல தொண்டை பழுத்திருக்கும்னு எனக்கு நம்பிக்கை. விடியுமுன்ன தலையணையில வாயை வச்சுப் பாடிப் பாத்தேன். நல்லாத்தான் வந்த மாதிரி இருந்தது.

புதுக்கோட்டைப் பொருட்காட்சி. ஆனி மாசம், சனிக்கிழமை சாயங்காலம், ஜனம் ராட்டினத்துமேல எல்லாம் தொத்திக்கிட்டு நிக்குது. அவன் வலது பக்கம் திரும்பி எனக்குக் கும்பிடு போட்டான் பாருங்க, அப்ப எழுந்தேன். நேராப் போய் அவன் கையில இருந்த மைக்க வாங்கினேன். மாஸ்டர் அக்கார்டியனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மலைச்சு நிக்கிறாரு. டெஸ்மண்ட் ஒரு அடி பின்னால போய் வழி விட்டான். "பாடுங்க அக்கா"ன்னான். மெல்ல. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி.

முதல் அடி வந்தது தம்பி. என் குரல். நான் கேட்டு ரெண்டு வருசமான குரல். கூட்டம் ஓன்னு கத்துது. ரெண்டாவது அடி மேல போகணும். போனேன். பாதியில உடைஞ்சுபோச்சு. மண்பானையைக் கல்லுல போட்ட மாதிரி. அப்புறம் ஊளை. "பாட்டி, போய்ப் படு!" "அந்தச் சேர்லயே உட்காரு!" எனக்கு அப்ப நாப்பதுதான்.

மைக்க அவன் வாங்கினான். அதே அடியை எடுத்தான். பொம்பளைக் குரல்லயே. மேல போனான். தம்பி, நல்லாக் கேளுங்க, எனக்கு எந்த இடத்துல உடைஞ்சதோ அதே இடத்துல அவனுக்கும் உடைஞ்சது! படார்னு. திரும்பவும் எடுத்தான். திரும்பவும் உடைஞ்சது. கூட்டம் என்னை மறந்துட்டு அவன் பக்கம் திரும்பிடுச்சு. "வெள்ளைக்காரா, இறங்கு!" "அதிசயம் புட்டுக்கிச்சுடோய்!" யாரோ சோளக்கதிர் சக்கையை எறிஞ்சான், அது அவன் நெத்தியில பட்டது. அவன் சிரிச்சான். பைத்தியக்காரன். நெத்தியைத் துடைச்சுக்கிட்டு, கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, என் கையைப் பிடிச்சுப் படியில இறக்கிவிட்டான்.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா அன்னிக்கு? சொல்லக்கூடாதுதான். ஆனா சாமி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஒருத்தி குரலைத் திருடினவனுக்கு அதே மேடையில, அதே அடியில கூலி குடுத்துட்டா பாருங்க அம்மன். நான் தனியாத் தோக்கல. ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் போச்சு. அந்த நினைப்புலதான் தம்பி இத்தனை வருசம் இந்தப் பொடிக்கு நடுவுல உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டினேன். வேன் அதுக்கப்புறம் வரல. அவன் வாசல்லயும் நிக்கல, என் வாசல்லயும் நிக்கல. அவன் அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கப்பலோ ஏரோப்பிளேனோ ஏறிட்டான். குரல் போனவனுக்கு இங்க என்ன வேலை? சொல்லிக்கிட்டுப் போறதுக்கு வந்தான். நான் கதவைத் திறக்கல. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டான்.

அவ்வளவுதான். எழுதிக்கிட்டீங்களா?

என்ன?

போன உடனேயேவா? யாரு சொன்னா? அவன் தங்கச்சியா? எந்தக் கோயில்ல?

ஆடி மாசமேவா?

ஆனியில புதுக்கோட்டை. ஆடியில அங்க பாடினானா? ஒசந்த குரல்லயேவா? அப்புறமும் பாடினானா, வருசா வருசம்? அறுபது வயசு வரைக்கும்? ஒரு தடவைகூட...

இல்ல, இல்ல, நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அங்க குளிரு தம்பி. குளிர்ல தொண்டை சீக்கிரம் கூடிடும். காத்து சுத்தம். தூசி கிடையாது. ஒரு மாசத்துல கூடியிருக்கும். கூடும். ஏன் கூடாது? என்னையும் அங்க கொண்டுபோய் விட்டிருந்தா எனக்கும்தான் கூடியிருக்கும்.

உடைஞ்சது தம்பி. நான் பக்கத்துல நின்னேன். ஒரு முழம் தூரம்கூட இல்ல. என் காது எப்பேர்ப்பட்ட காதுன்னு பொன்மலையில யாரை வேணும்னாலும் கேளுங்க. அக்கார்டியன்ல ஒரு கட்டை அரைக்கால் இறங்கினாலும் மாஸ்டருக்கு முன்னால நான் சொல்லுவேன். வேணும்னே உடைச்சா எனக்குத் தெரியாதா?

நீங்க அப்படிச் சொல்லலையா? சொல்லல, இல்ல? யாரும் சொல்லலையே?

அப்ப எழுதுங்க. பேனாவை எடுங்க தம்பி. புதுக்கோட்டையில அவனுக்குக் குரல் உடைஞ்சதுன்னு எழுதுங்க. நான் பாக்க எழுதுங்க.